கேன்வாஸில் வரையத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு

1. முதலில் அளந்து பாருங்கள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. பிரவுசரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, அந்த நேரம் எதில் கரைகிறது என்று தெரிந்த பிறகே கோடில் கை வையுங்கள்.

2. மாறாததைத் திரும்பத் திரும்ப வரையாதீர்கள். விளையாட்டின் பின்னணி, வரைபடத்தின் கட்டங்கள், நிழலோடு கூடிய எழுத்து: இவற்றைப் பக்கத்தில் சேர்க்காத ஒரு கேன்வாஸில் ஒரேயொரு தடவை வரைந்து வைத்து, ஒவ்வொரு ஃப்ரேமிலும் டிராஇமேஜால் எடுத்துப் போடுங்கள். இதற்கு ஒர்க்கர் (பக்கத்திலிருந்து தனியாகப் பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) தேவையில்லை. எந்த பிரவுசரிலும் ஓடும் பழைய வழி இது. உங்கள் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலேயே தீர்ந்துவிடும். ஒட்டும் இடம் முழு எண்ணாக இருக்கட்டும், பின்னத்தில் வைத்தால் ஓரங்கள் மங்கும்.

3. மறைவாக இருப்பதாலேயே அந்த கேன்வாஸ் இலவசம் ஆகிவிடாது. 1920க்கு 1080 அளவுள்ள கேன்வாஸ், பிக்சலுக்கு 4 பைட் வீதம், 80 லட்சம் பைட்டுக்கு மேல் பிடிக்கும். தேவையான அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். அகலத்தை மறுபடி எழுதினால், அதே எண்ணாக இருந்தாலும், வரைந்தது முழுக்க அழிந்துபோகும்.

4. கேன்வாஸை ஒர்க்கரில் வரைய உதவும் ஆஃப்ஸ்கிரீன்கேன்வாஸ் குரோமில் 2018இல் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022இலும் சஃபாரி 2023இலும் சேர்ந்துகொண்டன. கேன்வாஸை ஒர்க்கரிடம் ஒப்படைத்தால் வரையும் வேகம் கூடிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கனமான வரைதல் அங்கே நடக்கும்போது பக்கம் உறையாமல் இருக்கும், பொத்தானைத் தொட்டவருக்கு உடனே பதில் கிடைக்கும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கெட்கான்டெக்ஸ்டை அழைத்துவிட்ட கேன்வாஸை ஒப்படைக்க முடியாது, பிழை வரும். ஒப்படைக்கும் ஆஃப்ஸ்கிரீன்கேன்வாஸைப் போஸ்ட்மெசேஜின் டிரான்ஸ்ஃபர் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். ஒர்க்கருக்குள் டாம் கிடையாது. அதனால் படத்தை ஃபெட்ச் செய்து, கிரியேட்இமேஜ்பிட்மேப் வழியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

5. கெட்இமேஜ்டேட்டாவை ஃப்ரேம்தோறும் அழைக்காதீர்கள். ஜிபியுவிலிருந்து பிக்சல்களைத் திரும்பக் கொண்டுவருவது மெதுவான வேலை. தவிர்க்கவே முடியாதென்றால் வில்ரீட்ஃப்ரீக்வென்ட்லி என்ற விருப்பத்தைத் தொடக்கத்திலேயே கொடுங்கள்.

6. இமேஜ்பிட்மேப்பின் வேலை முடிந்ததும் குளோஸ் சொல்லுங்கள். விலை குறைந்த போனில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். மறந்த குளோஸ்கள் அங்கேதான் முதலில் தெரியும்.