மிஞ்சிய காளானில் பாலாடைக்கட்டி ரொட்டி

சிப்பிக் காளான் வளர்க்கும் உழவர் பெருமக்களுக்கு அறுவடை மகிழ்ச்சி தரும். அன்றே விற்காவிடில் அதுவே கவலையாகும். காளானில் சுமார் 90 சதம் நீர் இருப்பதால் விரைவில் கெட்டுவிடும். விற்றது போக மிஞ்சியதை வீணாக்காமல் கீழ்க்கண்டவாறு சிற்றுண்டி செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

தேவையான பொருட்கள் (இருவருக்கு)

காளான் 150 கிராம், ரொட்டித் துண்டுகள் 4, சீஸ் எனப்படும் பாலாடைக்கட்டி 50 கிராம், பெரிய வெங்காயம் 1, பூண்டு 2 பல், வெண்ணெய் 4 தேக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு தேவையான அளவு.

செய்முறை

1. காளானின் அடிக்காம்பை நீக்கி, நீரில் ஊறவிடாமல் விரைவாக அலசி, மெல்லியதாக நறுக்கவும்.

2. வெங்காயம், பூண்டைச் சிறிது வெண்ணெயில் வதக்கிக் காளானைச் சேர்க்கவும். காளான் விடும் நீர் முழுதும் வற்றும் வரை கிளறி, பின்னர் உப்பு, மிளகுத்தூள் இடவும். ஈரம் இருந்தால் ரொட்டி ஊறிக் குழைந்துவிடும்.

3. ரொட்டியின் வெளிப்புறத்தில் வெண்ணெய் தடவவும். உட்புறத்தில் துருவிய பாலாடைக்கட்டி, காளான், மீண்டும் பாலாடைக்கட்டி எனப் பரப்பி மற்றொரு துண்டால் மூடவும். கட்டி உருகி இரு துண்டுகளையும் ஒட்டிப் பிடிக்கும்.

4. தோசைக்கல்லில் இளந்தீயில் மூடி வைத்து, இருபுறமும் பொன்னிறமாகச் சுடவும். தீ மிகுந்தால் கட்டி உருகுமுன் ரொட்டி கருகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

பாலைத் திரித்துச் செய்யும் பன்னீர் இவ்வாறு உருகாது. அதை உதிர்த்துக் காளானுடன் கலக்கலாம். வழுவழுப்பாகி நாற்றம் வீசும் காளானை ஒதுக்கிவிடவும். மழைக்காலத்தில் வரப்பில் தானே முளைக்கும் இனம் தெரியாத காளானை ஒருபோதும் சமைக்காதீர்கள். சமைத்தாலும் நஞ்சு முறியாத வகைகள் உண்டு. அவை உயிரையே பறித்துவிடும்.