மணி வந்த வீடு

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. முன்பு அங்கே பூமிக்கு அடியில் தங்கம் எடுத்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் வேலை செய்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு பலர் தினமும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். விடியும் முன் கிளம்புகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள்.

சேகரும் அப்படித்தான். அவர் கட்டட வேலை செய்கிறார். அவருடைய மனைவி அமுதா. மகள் கவிதாவுக்கு ஒன்பது வயது. சேகரின் அம்மாவும் உடன் இருக்கிறார். கவிதா அவரை ஆயா என்று கூப்பிடுவாள். நான்கு பேரும் சுரங்கத்து லைன் வீட்டில் வாழ்கிறார்கள்.

அமுதா பள்ளிக்கூடம் போனதில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்தும் எண்ணும் கற்றுக்கொண்டார். இப்போது தமிழ் படிப்பார். கன்னடம் பேசுவார், படிக்கத் தெரியாது.

நாய் வந்தது

ஜூன் மாதம் முதல் தேதி. நல்ல மழை. சேகர் இரவு ரயிலில் வந்து மாரிக்குப்பத்தில் இறங்கினார். நிலையத்தில் ஒரு நாய் நின்றது. எலும்பும் தோலுமாக இருந்தது. கழுத்தில் ஒரு பழைய கயிறு. யாரோ வளர்த்து, விட்டுவிட்டுப் போன நாய். சேகர் கையிலிருந்த பன்னைப் போட்டார். நாய் அவர் பின்னாலேயே வீடு வரை வந்துவிட்டது.

கவிதாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "அப்பா, இதுக்கு மணின்னு பேர் வைக்கலாம். நாமே வளர்க்கலாம்" என்றாள்.

ஆயாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு பிடி சோறு போடுறது சுலபம். வீட்டுல வைக்கிறது சுலபமா? ஊசி போடணும். யாரையாவது கடிச்சா யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம் ஊசி போட்டுடலாம், அம்மா" என்றார் சேகர்.

ஆனால் யார் கொண்டுபோவது? சேகர் போகும்போது கால்நடை மருத்துவமனை திறந்திருக்காது. வரும்போது மூடியிருக்கும். அமுதாவுக்குத் தனியாகப் போகத் தயக்கம். அங்கே பலகை எல்லாம் கன்னடத்தில் இருக்குமே, எங்கே போய் யாரைக் கேட்பது என்று நினைத்தார். நாள் தள்ளிப்போனது.

மணி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டது. துடைப்பத்தை எடுத்தால் நடுங்கியது. யாரும் பார்க்காதபோது மட்டும் சாப்பிட்டது.

கடித்துவிட்டது

ஜூன் 5-ஆம் தேதி காலை. மணி தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்துக் கயிறு இறுகியிருப்பதைக் கவிதா பார்த்தாள். பாவம், தளர்த்திவிடலாம் என்று கையை நீட்டினாள்.

மணி உறுமியது. கவிதாவுக்கு அது புரியவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மணி வெடுக்கென்று கையைக் கடித்துவிட்டது. இரத்தம் வந்தது.

கவிதாவின் அலறல் கேட்டு லைன் முழுவதும் கூடிவிட்டது. ஒருவர் கட்டையை எடுத்துக்கொண்டு நாயைத் தேடினார். "சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் வச்சுக் கட்டுங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

"வைக்காதீங்க!" என்று கத்தினார் ஆயா. அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

"என் தம்பிக்கும் அப்படித்தான் வச்சாங்க. அவனுக்கு ஏழு வயசு. மிளகாய்த் தூள் வச்சாங்க. மந்திரிச்சாங்க. புண்ணும் ஆறிப்போச்சு. ஒன்றரை மாசம் கழிச்சு, தண்ணியைக் கண்டா நடுங்கினான். தொண்டையில ஒரு சொட்டு இறங்கலை. மூணாம் நாள் போயிட்டான். புள்ளையைக் குழாயடிக்குக் கொண்டுவா, அமுதா!"

அமுதா கவிதாவின் கையைக் குழாயில் காட்டினார். சோப்புப் போட்டுக் கழுவினார். கவிதா அழுதாள். ஆயா விடவில்லை. "இன்னும் கழுவு, இன்னும் கழுவு" என்றார். கால் மணி நேரம் கழுவினார்கள்.

கட்டையோடு நின்றவரிடம் ஆயா சொன்னார்: "அதை அடிக்காதே. அது உயிரோட இருந்தாத்தான் அதுக்கு நோய் இருக்கா இல்லையான்னு தெரியும்." பிறகு அறைக் கதவைச் சாத்தி மணியை உள்ளே வைத்தார்.

மருத்துவமனையில்

அமுதா கவிதாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு ஓடினார். மருத்துவர் காயத்தைப் பார்த்தார். "சோப்புப் போட்டுக் கழுவினீங்களா? ரொம்ப நல்ல காரியம்" என்றார்.

இரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தை ஊசியால் செலுத்தினார். தடுப்பூசி வேலை செய்யச் சில நாட்கள் ஆகும். அதுவரை கிருமியைத் தடுப்பது இந்த மருந்து. பிறகு இரண்டு கைகளிலும் தடுப்பூசி போட்டார். பணம் எதுவும் வாங்கவில்லை.

அமுதாவுக்கு ஒரு பயம். "டாக்டர், தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்களாமே?"

"அது அந்தக் காலம், அம்மா. இப்போ கையில போடுற சின்ன ஊசிதான். இன்னைக்கு ஒண்ணு. அப்புறம் மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். இன்னைய நாளைக் கணக்குல சேர்க்கக் கூடாது. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. இந்த நோய் வந்த பிறகு காப்பாத்த மருந்து இல்லை. வராம தடுக்கத்தான் முடியும்."

செவிலியர் ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் எழுத்து எல்லாம் கன்னடம். ஆனால் எண்கள் அமுதாவுக்குத் தெரிந்த எண்கள்தான். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். 5, 8, 12. கடைசியில் ஜூலை 3. பேனாவை வாங்கி ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே "கவிதா ஊசி" என்று தமிழில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டியிலும் வட்டம் போட்டார்.

மணிக்கும் மருத்துவர்

மறுநாள் சேகர் வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போனது. கால்நடை மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். மருத்துவரும் உதவியாளரும் வீட்டுக்கே வந்தார்கள். மணியின் வாயைத் துணியால் கட்டி, கழுத்துக் கயிற்றை வெட்டி எடுத்தார்கள்.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். கயிறு சதைக்குள் அழுந்திப் புண்ணாகியிருந்தது. குட்டியாக இருந்தபோது கட்டிய கயிறு அது. நாய் வளர்ந்தது. கயிறு வளரவில்லை.

"வலிக்கிற இடத்துல கை வச்சா நாம சும்மா இருப்போமா? அதுவும் சாப்பிடும்போது!" என்றார் மருத்துவர். "கடிக்கும் முன்னே நாய் சொல்லும். காதை மடக்கும். உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும். உறுமும். அப்போ நாம விலகிடணும். உறுமினதுக்கு அடிக்கக் கூடாது. அடிச்சா உறுமறதை விட்டுட்டு நேரா கடிக்கப் பழகிடும்."

"இதுக்கு வெறிநோய் இருக்குமா, சார்?" என்று கேட்டார் அமுதா.

"கடிச்ச நாளிலிருந்து 10 நாள் பார்க்கணும். கடிச்சபோது எச்சில்ல கிருமி இருந்திருந்தா, அதுக்குள்ள நாய் நோயில விழுந்து செத்துப்போகும். நல்லா இருந்தா பயம் இல்லை. ஆனா அதுக்காகக் குழந்தைக்கு ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது. 10 நாள் கழிச்சு மணியைக் கொண்டுவாங்க. தடுப்பூசி போடலாம்."

அந்தப் பத்து நாளும் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. மணியைத் தனியாகக் கட்டி வைத்தார்கள். அமுதா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வந்துவிடுவார். தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று ஆயா தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். மணி தண்ணீரை நக்கிக் குடிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் பெருமூச்சு விடுவார்.

ஜூன் 15-ஆம் தேதி மணி நன்றாக இருந்தது. அடுத்த நாளே அமுதா அதைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இந்த முறை தனியாகவே போனார். மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். குடற்புழு மருந்தும் கொடுத்தார்கள்.

ஜூலை 3-ஆம் தேதி வந்தது. "காயம் ஆறிடுச்சு. நாயும் நல்லா இருக்கு. கடைசி ஊசி எதுக்கு?" என்றார் சேகர்.

"என் தம்பிக்கும் காயம் ஆறிடுச்சுடா" என்றார் ஆயா. சேகர் வாய் திறக்கவில்லை. அமுதா கவிதாவை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

சேர்ந்து வாழ்வது

மணி உடனே மாறிவிடவில்லை. முதலில் கட்டிலை விட்டு வெளியே வந்தது. சில வாரம் கழித்து வாசலில் படுத்தது. ஒருநாள் சேகரைப் பார்த்து வாலை ஆட்டியது. முழுதாகப் பழக மூன்று மாதம் ஆயிற்று.

வீட்டாரும் பழகிக்கொண்டார்கள். தினமும் ஒரே நேரத்தில் சோறு. அது தின்னும்போது யாரும் பக்கத்தில் போவதில்லை. தூங்கும்போது தொடுவதில்லை. கவிதா அதனிடம் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பதில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். மணியே வரும். அடித்து எதையும் பழக்கவில்லை. சொன்னதைக் கேட்டால் ஒரு துண்டு சப்பாத்தி கொடுத்தார்கள்.

வெங்காயம், சாக்லேட், திராட்சை ஆகியவை நாய்க்கு ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். இதை மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, குழம்பு ஊற்றும் முன்பே மணிக்கு வெறும் சோறும் முட்டையும் எடுத்து வைத்துவிடுவார் அமுதா.

பிறகு மணிக்குக் கருத்தடையும் செய்தார்கள். தெரு நாய்களுக்கும் கருத்தடை செய்து தடுப்பூசி போட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அப்படிச் செய்த நாயின் காதில் ஓர் அடையாள வெட்டு இருக்கும். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இப்போது ரேஷன் அட்டைக்குப் பக்கத்தில் மணியின் ஊசி அட்டையும் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஊசி போட வேண்டிய தேதியை அமுதா அதில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.

இரவு ரயில் வரும் நேரம். ஆயா வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மணி அவர் காலடியில் படுத்திருக்கிறது. "வேணாம்னுதான் சொன்னேன். யார் கேட்டா?" என்கிறார் ஆயா. அவர் கை மணியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கிறது. கயிறு அழுந்திய இடத்தில் இப்போது முடி வளர்ந்துவிட்டது.

நினைவில் வைப்போம்

1. நாய் கடித்தால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள்.
2. காயத்தில் சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள்.
3. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எல்லா ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். குட்டி நாய் கடித்தாலும், கீறினாலும் போங்கள்.
4. நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் போடுங்கள்.
5. நாய் வளர்ந்தால் கழுத்துப் பட்டையையும் மாற்றுங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பேசுவோம்

1. மணி ஏன் கடித்தது? கவிதா என்ன செய்திருக்கலாம்?
2. மணியை உடனே மருத்துவரிடம் கொண்டுபோக முடியாமல் போனது ஏன்? உங்கள் ஊரில் அப்படிப்பட்ட சிரமம் உண்டா?
3. நாயை அடித்துக் கொன்றிருந்தால் என்ன தெரியாமல் போயிருக்கும்?

எழுதுவோம்

ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஒருவரை நாய் கடித்தது. அன்றே முதல் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் ஊசிகள் எந்தத் தேதிகளில் வரும்? நாள்காட்டியைப் பார்த்து எழுதுங்கள்.