ஸ்பிளிட் போதாது

கேள்வி: செய்தி ஆர்எஸ்எஸ் ஃபைலிலிருந்து தலைப்புகளை எடுக்க, பைத்தானில் வரி வரியாகப் படித்து ஸ்பிளிட் செய்கிறேன். சில ஃபைல்களில் வருகிறது, சிலவற்றில் வருவதில்லை. ஏன்?
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: ஆர்எஸ்எஸ் ஃபைல் எக்ஸ்எம்எல்லில் எழுதப்படுவது. எக்ஸ்எம்எல்லுக்கு வரிக்கணக்கு கிடையாது. ஒரு வரியில் திறக்கும் டேக் பத்து வரி தள்ளி மூடலாம். மொத்த ஃபைலும் ஒரே வரியாகவும் இருக்கலாம். ஸ்பிளிட்டை இன்றே விட்டுவிடுங்கள். 2006-இல் வெளியான 2.5 பதிப்பிலிருந்தே பைத்தானோடு கூடவே வரும், எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் எலிமென்ட்ட்ரீ மாட்யூல் இருக்கிறது. தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

பார்ஸ் செய்து, கெட்ரூட் மூலம் ரூட்டைப் பிடியுங்கள். நேரே 'டைட்டில்' டேக்கைத் தேடினால் சேனலின் பெயரும் சேர்ந்து வரும். ஆகவே முதலில் ஒவ்வொரு 'ஐட்டம்' ஆக எடுத்து, அதனுள் ஃபைண்ட்டெக்ஸ்ட் போடுங்கள். தலைப்பு இல்லாத ஐட்டத்துக்கு 'நன்' கிடைக்கும். புரோகிராம் நடுவழியில் நிற்காது.

புதிதாகக் கற்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது நேம்ஸ்பேஸ். ஆர்எஸ்எஸ் போன்ற இன்னொரு வடிவமான ஆட்டம் வகை ஃபைலில் 'என்ட்ரி' என்று தேடினால் ஒன்றுமே வராது, எரரும் வராது! ரூட்டின் டேக்கை பிரின்ட் செய்து பாருங்கள்: பெயருக்கு முன்னால் சுருள் அடைப்புக்குறிக்குள் நேம்ஸ்பேஸின் நீளமான முகவரி ஒன்று ஒட்டியிருக்கும். தேடும்போது அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பார்ஸ் எரர் வந்தால் பயம் வேண்டாம். வரி எண்ணையும் இடத்தையும் அதுவே சொல்லும். பெரும்பாலும் அங்கே ஓர் ஆம்பர்சண்ட் குறி தனியாக நிற்கும். ஃபைல் மிகப் பெரிதென்றால், அதைச் சிறிது சிறிதாகப் படிக்கும் இட்டர்பார்ஸ் பயன்படுத்துங்கள். எந்தப் புது ஃபைல் வந்தாலும் கோட் எழுதும் முன் அதை எடிட்டரில் திறந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.