விமானப் பணியாளருக்கு நன்றி: சாக்லேட்டா, பணமா, கடிதமா?

180 பேர் உட்காரும் ஏர்பஸ் 320 விமானத்தில் அத்தனை பேரையும் கவனிக்க இருப்பவர்கள் பெரும்பாலும் நான்கே பேர். ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது விதி கேட்கும் குறைந்தபட்சக் கணக்கு. திருச்சியிலிருந்து கிளம்பி சிங்கப்பூர் போய்ச் சேர்வதற்குள் அந்த நால்வரும் மேலே பெட்டி வைக்க இடம் தேடித் தருகிறார்கள், சாப்பாடு கொடுக்கிறார்கள், குப்பை வாங்குகிறார்கள், அழுகிற குழந்தைக்கு வெந்நீர் கலந்து தருகிறார்கள். முதல்முறை விமானம் ஏறிய பெரியவருக்குக் கழிப்பறைக் கதவு எப்படித் திறக்கும் என்று காட்டுவதும் அவர்கள்தான். இறங்கும்போது வாசலில் நின்று கைகூப்புகிறார்கள். நம்மில் பலர் அதைப் பார்க்காமலே கைபேசியை உயிர்ப்பித்தபடி கடந்துபோகிறோம்.

நன்றி சொல்ல வேண்டும் என்று மனம் உள்ளவர்களுக்கோ வேறு குழப்பம். ஏதாவது கொடுக்கலாமா? கொடுத்தால் வாங்குவார்களா? அமெரிக்காவில் அடிக்கடி பறப்பவர்கள் பணியாளர்களுக்கென்று சாக்லேட் பை கொண்டுபோவது பழகிப்போன வழக்கம். நம் பக்கம் இப்போதுதான் சிலர் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே எது நல்லது, எது வேண்டாதது என்று பிரித்துப் பார்த்துக்கொள்வது உதவும்.

தேர்வு செய்யுமுன் ஒரு கேள்வி: உங்கள் நன்றி யாரிடம் போய்ச் சேர வேண்டும்? குழு முழுவதற்கும் என்றால் தின்பண்டம் பொருந்தும். உங்களைத் தனியாகக் கவனித்த ஒருவருக்கு என்றால் கைப்பட எழுதிய நாலு வரி. அவருடைய மேலதிகாரிக்கும் தெரிய வேண்டும் என்றால் நிறுவனத்துக்குக் கடிதம். மூன்றும் வேறு வேறு வேலை செய்பவை. ஒன்று செய்கிற வேலையை மற்றொன்று செய்யாது.

கொடுப்பதற்கு முன்

மரியாதையை நான் பரிசுக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது கொடுத்தே ஆக வேண்டியது. பெரிய சாக்லேட் டப்பாவை நீட்டிவிட்டு, விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவரை யாரும் நல்ல பயணி என்று நினைக்கப் போவதில்லை.

எதைக் கேட்கிறார்கள் என்று புரிய, காதில் மாட்டியிருப்பதைக் கழற்றுங்கள். "சைவமா, அசைவமா" என்ற கேள்வியை வரிசைக்கு வரிசை கேட்டு வருகிறவர் அதை உங்களிடம் மட்டும் மூன்று முறை கேட்க வேண்டியதில்லை. கூப்பிட வேண்டுமானால் தலைக்கு மேலே பொத்தான் இருக்கிறது. கையைப் பிடித்து இழுப்பதும், போகிறவரின் முதுகில் தட்டுவதும், புடவையைத் தொடுவதும் எந்த வயதுக்காரர் செய்தாலும் தவறு. "ஏம்மா, இங்க வா" என்பதை வீட்டுப் பாசமாக நினைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. சீருடையில் பணி செய்கிறவருக்கு அது அப்படிக் கேட்பதில்லை. "மேடம்", "சார்", "சிஸ்டர்", "தம்பி" எதுவானாலும் "ங்க" சேர்த்துப் பேசினால் போதும். சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கும், பெயரைப் படித்துச் சொல்வது இன்னும் நல்லது. அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய மரியாதை, பாதுகாப்பு விளக்கத்தை நிமிர்ந்து பார்ப்பது. சாப்பாடு பரிமாறுவது இவர்களுடைய வேலையின் ஒரு பகுதிதான். ஆபத்து வந்தால் நம்மை வெளியேற்றுவதற்காகத்தான் சட்டம் இவர்களை விமானத்தில் வைத்திருக்கிறது. பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே ஒரு பெரிய பயணிகள் விமான வகைக்குச் சான்று கிடைக்கிறது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் இருந்த ஐவர் இறந்துபோனார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பணியாளர்கள் சொன்னதைப் பயணிகள் கேட்டார்கள், பெட்டியை எடுக்க நிற்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதுமே எழுந்து மேல் அலமாரியைத் திறக்கும் நம் பழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீட் பெல்ட் விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருப்பது, ஒரு ரூபாய் செலவில்லாமல் அந்த நால்வருக்கும் செய்யும் பேருதவி.

தின்பண்டம் என்றால் எது?

குழு முழுவதற்கும் ஏதாவது கொடுக்க ஆசை என்றால், கடையில் வாங்கி, முத்திரை பிரியாமல் இருக்கும் பொட்டலம்தான் சரி. வீட்டில் செய்த அதிரசமும் முறுக்கும் எவ்வளவு பாசத்தோடு செய்ததானாலும், முன்பின் தெரியாதவர் தரும் பிரித்த உணவைப் பணியில் இருக்கும்போது அவர்கள் சாப்பிடக் கூடாது, சாப்பிடவும் மாட்டார்கள். நம் முகம் வாடக்கூடாது என்று வாங்கிக்கொண்டு பிறகு கொட்டிவிட நேரும். அந்தச் சங்கடத்தை அவர்களுக்குத் தர வேண்டாம். வண்ணத் தாள் சுற்றிக் கட்டிய பரிசும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

அடுத்தது, அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்பது. திரைக்குப் பின்னால், நின்றபடி, இரண்டு மணியோசைகளுக்கு நடுவில். தனித்தனித் தாளில் சுற்றிய சிறு சாக்லேட்டே இதற்கு மிகவும் தோது. நம் ஊர்ப் பண்டம் கொடுக்க வேண்டும் என்பவர்களிடம் நான் இப்படிச் சொல்வேன்: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சில நாளில் கெட்டுவிடும், அவர்கள் அடுத்து எந்த ஊரில் இறங்குவார்கள் என்று நமக்குத் தெரியாது. திருநெல்வேலி அல்வா விரலெல்லாம் நெய்யாக்கும், சீருடையில் பட்டால் கறை போகாது. பன்னாட்டு விமான நிலையங்களில் குழைவான பண்டங்களைத் திரவக் கணக்கில் சேர்த்து 100 மில்லிக்கு மேல் தடுத்துவிடும் வாய்ப்பும் உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய் எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பயணி அதே விமானத்தில் இருக்கலாம், அவருக்குத் தட்டு எடுத்துக் கொடுக்கும் கை இவர்களுடையது. முந்திரி, பாதாமுக்கும் இதே கதைதான். மணப்பாறை முறுக்கு இந்தச் சோதனைகளில் பலவற்றைத் தாண்டிவிடுகிறது. உருகாது, எளிதில் கெடாது, கடைப் பொட்டலமாகக் கிடைக்கும். சிறிய முறுக்காகப் பார்த்து வாங்கினால் சாக்லேட்டுக்கு அடுத்த இடம் அதற்குத் தரலாம்.

மது கலந்த சாக்லேட்டைத் தொடவே வேண்டாம். இந்தியாவில் விமானப் பணியாளர்களுக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு. பணிக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே மது கூடாது. 2023-இல் திருத்திய விதிகளில், ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொல்லியிருக்கிறது. நல்லெண்ணத்தில் தந்த ஓர் இனிப்பு ஒருவருடைய வேலைக்கு உலை வைத்துவிடக் கூடாது. அதுபோல, சிங்கப்பூர் போகும் விமானத்தில் சூயிங்கம் தராதீர்கள். அந்த நாட்டுக்குள் அதைக் கொண்டுபோக 1992 முதல் தடை. ஆஸ்திரேலியா போகிறவர்கள் பழம் தராதீர்கள். அங்கே உணவுப் பொருள்களைச் சுங்கத்தில் அறிவித்தாக வேண்டும், பணியாளருக்கும் அதில் விலக்கில்லை.

எண்ணிக்கையும் முக்கியம். ஏர்பஸ் 320 என்றால் கேபினில் நால்வர், விமானிகள் இருவர். நான்கு சாக்லேட்டை நீட்டி யாருக்கு என்று யோசிக்க வைக்காமல், பத்துப் பதினைந்து இருக்கும் ஒரு பொட்டலமாகத் தரலாம். பெரிய விமானங்களில் பத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் இருப்பார்கள். அங்கே இரண்டு பொட்டலம்.

தின்பண்டம் அல்லாதவற்றில் இரண்டைச் சொல்வேன். ஒன்று, கைக்குத் தடவும் களிம்பு அல்லது உதட்டுக் களிம்பு. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், கையோ ஓயாமல் கழுவப்படுகிறது. மணம் இல்லாத சிறிய குழாயாக வாங்குங்கள். மற்றது, ஒரு பாக்கெட் பேனா. வருகைப் படிவம் பல நாடுகளில் மின்வடிவத்துக்கு மாறிவிட்டாலும் பேனா கேட்கிற பயணி குறையவில்லை, வாங்கிய பேனாவைத் திருப்பித் தருகிறவர் அரிது. வாசனைத் திரவியம், நகை, உடை போன்றவை ஒருவரைக் குறிவைத்த அன்பளிப்பு. அவை எந்த நிலையிலும் தகாது.

பணம் வேண்டாம்

அமெரிக்காவின் ஃபிரன்டியர் நிறுவனம் விமானத்தில் பண்டம் வாங்கும்போது விரும்பினால் டிப்ஸ் சேர்க்க வழி வைத்திருக்கிறது. அது விதிவிலக்கு. பொதுவாக விமான நிறுவனங்கள் பணியாளர் பணம் வாங்குவதை ஏற்பதில்லை. "பரவாயில்லை, வச்சுக்கங்க" என்று கையில் திணிப்பது, மற்ற பயணிகள் பார்க்க அவரை இக்கட்டில் மாட்டிவிடுவது. அமெரிக்காவில் காபிக் கடைப் பரிசு அட்டை தருவதுண்டு. நம் ஊரில் அது பணமாகவே பார்க்கப்படலாம் என்பதால் அதையும் தவிர்க்கவே சொல்வேன்.

எப்போது கொடுப்பது?

ஏறும்போது கொடுப்பது அமெரிக்க வழக்கம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. வாசலில் நிற்பவர் ஏறுகிறவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பார், பின்னால் வரிசை காத்திருக்கும். அதோடு, பயணம் தொடங்குமுன் தரும் பரிசு, பிறகு ஏதோ கேட்கப் போகிறார் என்ற எண்ணத்தை எழுப்பக்கூடும். இருக்கை மாற்றமோ இன்னொரு தட்டுச் சாப்பாடோ மனதில் இருந்தால் அன்றைக்குப் பரிசே கொடுக்காமல் இருப்பது நேர்மை. நீண்ட பயணம் என்றால், சாப்பாட்டுத் தட்டுகளை வாங்கி முடித்து விளக்கைக் குறைத்த பிறகு, பின்பக்கம் போய் "உங்க எல்லாருக்கும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுங்கள். பேச்சை வளர்க்க வேண்டாம், அது அவர்கள் உட்காரக் கிடைக்கும் சிறு நேரம். ஒரு மணி நேர உள்நாட்டுப் பயணத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. இறங்கும்போது கையில் தந்து நகர்ந்துவிடலாம்.

எழுதுவதே சிறந்தது

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நிறுவனத்துக்கு எழுதுங்கள். சாக்லேட் அன்றிரவே தீர்ந்துவிடும். பெயர் சொல்லி வந்த பாராட்டு அவருடைய மேலதிகாரி கண்ணில் படும், பதவி உயர்வு பேசும்போது கைகொடுக்கும். பயணிகளிடமிருந்து நிறுவனத்துக்குக் குறைகள்தான் குவிகின்றன. நல்லது நடந்தால் நாம் எழுதுவதில்லை. டெல்டா, அமெரிக்கன் போன்ற நிறுவனங்கள் அடிக்கடி பறப்பவர்கள் பணியாளர்களுக்குத் தருவதற்கென்றே பாராட்டுச் சீட்டு முறை வைத்தது, அதன் மதிப்பு தெரிந்துதான். நம் நிறுவனங்களின் இணையதளத்திலும் செயலியிலும் கருத்து எழுதும் இடம் இருக்கிறது, அங்கே எழுதலாம்.

"சேவை அருமை" என்று எழுதினால் பயனில்லை. விமான எண், தேதி, புறப்பட்ட ஊர், உங்கள் இருக்கை எண், பணியாளர் பெயர், அவர் செய்தது என்ன என்பது வேண்டும். "என் அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்து மயக்கம் வந்தது. இவர் உடனே பழச்சாறு கொடுத்து, இறங்கும்வரை அடிக்கடி வந்து பார்த்தார்" என்பதுபோல நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். எளிய ஆங்கிலம் போதும், அலங்காரம் வேண்டாம். அழகையோ உடையையோ பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விதியைச் சற்றுத் தளர்த்தி உங்களுக்கு அவர் செய்த உதவியைக் கடிதத்தில் போடாதீர்கள். விற்பனைக்கான தண்ணீர்ப் பாட்டிலைக் காசு வாங்காமல் தந்தார், முன்வகுப்புக் கழிப்பறையைப் பயன்படுத்த விட்டார் என்று நன்றியோடு எழுதுவது அவர்மீது விசாரணையாக முடியலாம். சமூக ஊடகத்தில் படத்தோடு போடுவதும் அப்படித்தான்.

கைப்பட எழுதும் சிறு அட்டையை நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்துக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் வைக்கிறேன். பொட்டலத்தின் மேல் ஒட்டிக் கொடுக்கலாம், தனியாகவும் கொடுக்கலாம். தமிழ் பேசுகிற பணியாளர் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் கைபேசி எண்ணை மட்டும் அதில் எழுதாதீர்கள், நன்றியின் பொருளே மாறிவிடும்.

கடிதத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீடு போய்ச் சேர்ந்தால் பெயர் மறந்துவிடும். இறங்குமுன்பே பணியாளர் பெயரைப் போர்டிங் பாஸின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் எழுதி அனுப்பிவிடலாம்.