மிகையான மதுப்பழக்கத்தை இரத்தப் பரிசோதனை எவ்வாறு காட்டுகிறது?

எவ்வளவு மது அருந்துகிறீர்கள் என்று நாங்கள் கேட்கும்போது, வெட்கத்தாலோ அச்சத்தாலோ பலர் அளவைக் குறைத்தே சொல்கின்றனர். உடன் வந்த குடும்பத்தினரும் மௌனம் காக்கின்றனர். அறுவைச் சிகிச்சைக்கு முன் இம்மௌனம் ஆபத்தாக முடியலாம். எனவே, சில இரத்தப் பரிசோதனைகளின் துணையை நாடுகிறோம்.

எந்தப் பரிசோதனை எதைக் காட்டும்?

ஜி.ஜி.டி.: கல்லீரல் நொதி. தொடர்ந்து மிகுதியாகக் குடிப்போரிடம் உயரும். நிறுத்தினால் சில வாரங்களில் இறங்கும்.

ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி.: மதுவால் கல்லீரல் பாதிக்கப்படும்போது, முன்னது பின்னதைப்போல் இருமடங்கு அல்லது அதற்கும் மேல் இருப்பது வழக்கம்.

எம்.சி.வி.: சிவப்பணுவின் சராசரிப் பருமன். மது அதைப் பெரிதாக்குகிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் ஆதலால், இது சீரடையச் சில மாதங்கள் ஆகும்.

சி.டி.டி.: இரும்பைச் சுமக்கும் புரதத்தின் மாறிய வடிவம். நாள்தோறும் 50 முதல் 60 கிராம் ஆல்கஹாலை இரு வாரங்கள் அருந்தினால் உயரக்கூடும். 180 மி.லி. 'குவார்ட்டர்' ஒன்றிலேயே ஏறத்தாழ 60 கிராம் உள்ளது.

பெத்: உடலில் மது இருந்தால் மட்டுமே உருவாகும் பொருள். 2 முதல் 4 வாரம் வரை தடயம் காட்டும்.

எண் மட்டுமே தீர்ப்பன்று

கொழுப்புக் கல்லீரல், பித்தக்குழாய் அடைப்பு, வலிப்புக்கான ஃபெனிட்டாயின் மாத்திரை ஆகியவையும் ஜி.ஜி.டி.யை உயர்த்தும். வைட்டமின் பி12 குறைந்தால், மதுவைத் தொட்டேயிராத மயிலாப்பூர்ப் பாட்டிக்கும் எம்.சி.வி. உயரலாம். மாறாக, மிகுதியாகக் குடிப்பவரின் அறிக்கை இயல்பாகவும் வரலாம். ஆகவே பல பரிசோதனைகளையும், நீங்கள் கூறும் விவரங்களையும் சேர்த்தே முடிவு செய்கிறோம்.

குடும்பத்தாருக்கு

அறிக்கையைக் காட்டிக் குற்றஞ்சாட்ட வேண்டா. நாள்தோறும் குடிப்பவரை வீட்டிலேயே திடீரென நிறுத்தச் செய்வதும் ஆபத்து: முதல் இரண்டு நாள்களுக்குள் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம், அதன்பின் மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் தோன்றலாம். இது உயிரையும் பறிக்கக்கூடும். மருத்துவமனையில் சேரும்போது, கடைசியாகக் குடித்த நேரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். உரிய மருந்துகளால் இதனைத் தடுக்க இயலும்.

அடையாறு இந்திரா நகரில், சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியுடன் குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கி வருகிறது. 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

சிகிச்சைக்குப் பின் இதே பரிசோதனைகளை மீண்டும் செய்கிறோம். இறங்கிவரும் எண்கள், கல்லீரல் தேறிவருவதை நோயாளிக்கு அவர் கண்முன்னே காட்டுகின்றன. குடியை விட்டவருக்கு அதைவிட நல்ல ஊக்கம் வேறில்லை.