சரக்கு வண்டியின் தரையை நாமே மாற்றுவோம்

கடைக்கென்று சொந்தமாக ஒரு சிறு சரக்கு வண்டி வைத்திருப்பது இப்போது மளிகைக் கடைக்காரர்களிடையே சாதாரணமாகிவிட்டது. 2005-இல் டாடா ஏஸ் வந்து, மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்த பிறகு, வாடகை வண்டிக்குக் காத்திருந்த பலர் சொந்த வண்டிக்கு மாறினார்கள். அந்த வண்டிகளில் பல இன்று பழைய வண்டிகள். எஞ்சினுக்கு ஆயில் மாற்றுகிறோம், டயர் மாற்றுகிறோம். ஆனால் நம் சரக்கு நேராக உட்கார்ந்து வரும் இடமான தொட்டியின் தரையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதைப் புதுப்பிக்கும் முறையைப் பற்றியே இந்தப் பாடம்.

எங்கள் மண்டிக்குச் சரக்கு எடுக்க வரும் வண்டிகளில் தரை மேல் ஒரு ரப்பர் விரிப்போ பழைய பிளைவுட்டோ கிடக்கும். மேலே பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரம், சிந்திய உப்பு, வெல்லப் பிசுக்கு, எண்ணெய், அவற்றோடு துரு. தகரம் கெடாமல் இருக்கப் போட்ட விரிப்பே தகரத்தைக் கெடுக்கிறது.

காரணம்

உப்பு ஈரத்தை இழுக்கும் பொருள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களின் அதிகாலையிலும் இந்த அளவு சாதாரணம். மழையே பெய்யாவிட்டாலும் விரிப்பின் அடியில் உப்புநீர் நிற்கும். உப்புநீர் பட்ட இரும்பு மிக விரைவில் துருப்பிடிக்கும். விரிப்பை ஒட்டுப் பசை போட்டு ஒட்டியிருந்தால் உலரவும் வழியில்லை.

நஷ்டக் கணக்கு

கிலோ 50 ரூபாய் அரிசியில் கிலோவுக்கு 2 ரூபாய் நமக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ சிப்பம் ஒன்று அடியில் நனைந்து வீணானால் 1,250 ரூபாய் போயிற்று. ஒரு சிப்பத்தில் நமக்கு நிற்பது 50 ரூபாய். போனதை ஈடுகட்ட இன்னும் 25 சிப்பம் விற்க வேண்டும். இது பணக் கணக்கு மட்டுமே. துரு ஓட்டையில் சாக்கு கிழிந்து சிந்துவதும், மூட்டை சுமந்து நிற்கும் தொழிலாளியின் கால் தரைக்குள் இறங்குவதும் வேறு கணக்கு. அந்தக் கடைசி நஷ்டத்தை எந்தப் பேரேட்டிலும் எழுதி நேர் செய்ய முடியாது.

முதலில் சோதனை

விரிப்பு, பலகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தொட்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, நல்ல வெயிலில் காயவிட வேண்டும். பிறகு சிறு சுத்தியலால் தரை முழுவதும் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான தகரம் கணீரென்று ஒலிக்கும். அரித்த தகரம் மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பார்க்கலாம். அடுத்து வண்டியின் அடியில் குனிந்து, தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைப் பார்க்க வேண்டும்.

மேல் துரு மட்டும் என்றால் வேலையை நாமே செய்யலாம். ஓட்டை விழுந்திருந்தால் வெல்டிங் பட்டறையில் தகடு வைத்துக்கொண்டு வர வேண்டும். குறுக்குச் சட்டமே அரித்திருந்தால் அது நம் வேலை அல்ல. பாடி கட்டும் பட்டறைக்கே கொண்டுபோக வேண்டும். அதன் மேல் பலகை போட்டு மறைப்பது ஆபத்தானது.

செய்முறை

1. கம்பி பிரஷ், எமரி தாள் கொண்டு துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். மூக்கை மூடிக்கொள்வது அவசியம். தூசியைத் துடைத்தபின் ஈரம் துளியும் இருக்கக் கூடாது.

2. ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், அதன்மேல் எனாமல் பெயின்ட் இரண்டு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் இரவு காய விட வேண்டும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் வேலை இது அல்ல. நான்கு நாள் வாடகை வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

3. தரையில் நீர் வடியும் துளைகள் இருந்தால் அடைப்பு எடுக்க வேண்டும். பலகை அவற்றை மூடக் கூடாது.

4. பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், 12 மில்லி மீட்டர் கனம் போதும். சாதாரண பிளைவுட் ஈரத்தில் உரிந்துவிடும். 8 அடிக்கு 4 அடி பலகை ஒன்று 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். வண்டி ஏற்றும் எடையில் அது கழியும் என்பதை நினைவில் வையுங்கள். பல வண்டிகளில் தொட்டி 4 அடியைவிட அகலம். ஆகவே இணைப்பு வரும். அது தரையின் மேடான வரியில் உட்காருமாறு வெட்ட வேண்டும்.

5. வெட்டுவதற்கு முன் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, தொட்டியின் வடிவில் ஒரு மாதிரி வெட்டிப் போட்டுப் பாருங்கள். அட்டை வீணானால் நஷ்டமில்லை. வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு மூன்று கோட் பெயின்ட் அவசியம். பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான்.

6. துளை போடுமுன் அடியில் டீசல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சேஸிஸில் துளை போடவே கூடாது. துருப்பிடிக்காத போல்ட், அகன்ற வாஷர் போட்டு, தலை பலகைக்குள் அமிழும்படி முடுக்க வேண்டும். தலை வெளியே நின்றால் சாக்கு கிழியும். துளையின் பச்சைத் தகரத்துக்கும் பிரைமர் தொட்டு வையுங்கள்.

7. மேல் விரிப்பை ஒட்டக் கூடாது. சுருட்டி எடுக்க முடிகிற மாதிரி சும்மா விரித்தால் போதும்.

பெயின்ட் வாடை முற்றிலும் போகும்வரை அரிசி, மாவு, தேயிலை ஏற்ற வேண்டாம். இவை வாடையை இழுத்துக்கொள்ளும். வாங்கிய வாடிக்கையாளர் சமைக்கும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

சட்டமும் நாமும்

தரையைப் புதுப்பிப்பது பராமரிப்பு. பக்கப் பலகையை உயர்த்துவதும் பின்பக்கம் நீட்டுவதும் வண்டியை மாற்றி அமைப்பது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. தச்சர் சொல்கிறார் என்று அதையும் சேர்த்துச் செய்துவிட வேண்டாம். உணவுப் பொருள் ஏற்றும் வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும், மற்ற பொருளோடு ஏற்றினால் பிரித்து வைக்க வேண்டும் என்பதும் 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளில் உள்ளவை. பினாயிலையும் பூச்சி மருந்தையும் பருப்பு மூட்டையோடு ஏற்றுவது எந்த விதத்திலும் சரியல்ல.

பிறகு செய்ய வேண்டியது

மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, விரிப்பைச் சுருட்டித் தரையைக் காயவிட வேண்டும். உப்பு ஏற்றிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். பெயின்ட் உரிந்த இடத்தை உடனே தொட்டு வைக்க வேண்டும். இந்த வேலையைக் கடைப் பையனிடம் சொல்லிவிட்டு மறந்துவிடாமல், வாரம் ஒருமுறையாவது முதலாளியே விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. வண்டி கடைக்கு வந்து சரக்கு இறங்கியதும் அதற்குச் சரியான நேரம். அடிமூட்டையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.