முதல் தனி வெளிநாட்டுப் பயணம்: டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

"தனியா ஒரு தடவை வெளிநாடு போய்ட்டு வரணும், எவ்வளவு ஆகும்?" நம்ம ஊர்ப் பெண்கள் பலர் கேட்கிற கேள்வி இது. பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு திருப்பிக் கேட்பேன்: அந்தப் பணம் யார் பேர்ல இருக்கு?

சேமிப்பு கணவர் கணக்குல, கார்டு அப்பா பேர்ல, ஓடிபி தம்பி போனுக்கு. தூத்துக்குடியில இருக்கிற வரைக்கும் இது ஒரு பிரச்சினையாவே தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு வெளியூர் ஹோட்டல் கவுண்டர்ல நிற்கும்போது, ஓடிபி ஊர்ல தூங்கிட்டு இருக்கிறவர் போனுக்குப் போனா என்ன பண்ணுவீங்க? அதனால தைரியம், பேக்கிங் எல்லாம் அப்புறம். முதல்ல பணமும் காகிதமும் உங்க பேருக்கு வரணும்.

உதாரணத்துக்குக் கொழும்பை எடுத்துக்கலாம். நமக்கு அது புது வழி இல்ல. 1914-ல பாம்பன் பாலம் திறக்கிற வரைக்கும் போட் மெயில் ரயில் தூத்துக்குடிக்குத்தான் வரும், இங்கிருந்து கப்பல்ல கொழும்பு. 2011 ஜூன்ல மறுபடி தொடங்கின பயணிகள் கப்பல் அந்த வருஷமே நின்னுபோச்சு. இப்போ மதுரையிலிருந்து விமானம், பறக்கிற நேரம் சுமார் ஒரு மணி நேரம். கொழும்புல தமிழ் பேசி சமாளிக்கலாம். கொச்சிக்கடை அந்தோணியார் கோயில் நம்ம ஊர்க்காரங்க பலருக்குத் தெரிஞ்ச இடம். முதல் பயணத்துக்கு இது போதும்.

1. பாஸ்போர்ட்ல உங்க பேர்

புது பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல்னா கூடுதலா 2,000. கணவர் கையெழுத்து வேணுமான்னு கேட்கிறாங்க. வேண்டாம். 2025 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றமே இதைத் தெளிவா சொல்லிடுச்சு.

சிக்கல் வர்றது இனிஷியல்ல. ஆதார்ல "மேரி எஸ்", பான்ல "மேரி செல்வராஜ்", பள்ளிச் சான்றிதழ்ல "மேரி ஃபெர்னாண்டோ"ன்னு மூணு விதமா இருந்தா, விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒண்ணாக்குங்க. பாஸ்போர்ட்ல இனிஷியல் போட முடியாது, விரிச்சுத்தான் எழுதணும். டிக்கெட்டும் அதே எழுத்துல இருக்கணும். ஒரே பேர் மட்டும் போட்டு குடும்பப் பெயரைக் காலியா விடாதீங்க. பாஸ்போர்ட்ல அப்படி ஒற்றைப் பேர் இருந்தா சுற்றுலா விசாவுக்கு ஏத்துக்க மாட்டோம்னு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர்ல அறிவிச்சது. நாளைக்குத் துபாய் போகும்போது இது உதைக்கும்.

2. தனிக் கணக்கு

உங்க பேர்ல மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு, அதுல உங்க மொபைல் எண். மொத்தச் செலவு 60,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. மாசம் 6,000 ஆர்டி போட்டா 10 மாசம்.

கணவர் உங்க கணக்குக்குப் பணம் போட்டா வரி வருமா? வராது, அது கிஃப்ட். ஆனா அந்தப் பணத்துக்கு வர்ற வட்டி அவர் வருமானத்தோட சேரும்.

3. பேக்கேஜா, நாமளே புக் பண்றதா?

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா ஏஜென்ட் டிசிஎஸ் பிடிப்பார். 2025-26-ல 10 லட்சம் வரைக்கும் 5% இருந்தது. 2026 பட்ஜெட்ல அதை 2% ஆக்கினாங்க. 80,000 ரூபாய் பேக்கேஜுக்கு 1,600 ரூபாய். தனித்தனியா புக் பண்ணி, வங்கியில டாலர் வாங்கிட்டுப் போனா, வருஷத்துக்கு 10 லட்சம் வரைக்கும் டிசிஎஸ் கிடையாது.

டிசிஎஸ் செலவு இல்ல, முன்கூட்டிக் கட்டின வரி. யார் பான் கொடுத்தீங்களோ அவங்க கணக்குலதான் வரவாகும். உங்க பான் கொடுத்து, உங்களுக்கு வரி கட்டற அளவு வருமானம் இல்லைன்னா, ரிட்டர்ன் போட்டு முழுசா திரும்ப வாங்கிக்கலாம்.

இன்னொண்ணு: வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா, வருமானமே இல்லாட்டியும் ரிட்டர்ன் போட்டே ஆகணும். இல்லத்தரசிகள் நிறைய பேருக்கு இது தெரியாது.

4. பணத்தை மூணா பிரிங்க

ஒண்ணு, கொஞ்சம் டாலர் நோட்டு. இந்திய ரூபாய் 25,000 வரைக்கும் எடுத்துட்டுப் போகலாம். ரெண்டு, உங்க பேர்ல ஃபாரெக்ஸ் கார்டு. வாங்கும்போதே கிராஸ் கரன்சி கட்டணம் எவ்வளவுன்னு கேளுங்க. மூணு, அவசரத்துக்கு உங்க சொந்த டெபிட் அல்லது கிரெடிட் கார்டு. கணவர் கார்டுக்கு ஆட்-ஆன் கார்டு இதுல சேராது. அவர் கார்டு பிளாக் ஆனா உங்களுதும் நின்னுபோக வாய்ப்பிருக்கு.

மூணையும் ஒரே பையில வைக்காதீங்க. ஸ்வைப் பண்ணும்போது மெஷின் "இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா"ன்னு கேட்டா இலங்கை ரூபாயையே தேர்ந்தெடுங்க. இந்திய ரூபாய்ல போட்டா மாற்று விகிதத்துல பணம் கூடுதலா போகும். யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில இருக்கு. ஆப்ல இன்டர்நேஷனலை ஆன் பண்ணணும். அதை மட்டும் நம்பிப் போகாதீங்க.

சிம்முக்கு ரோமிங் போடுங்க. ஓடிபி வராட்டி கார்டு வெறும் பிளாஸ்டிக்.

5. நகை

கழுத்துல காதுல கிடக்கிறதைக் குறைச்சுட்டே போங்க. கனமான நகை போட்டுத்தான் போகணும்னா, கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்துறையில ஏற்றுமதிச் சான்று வாங்குங்க. திரும்பி வரும்போது "இது அங்க வாங்கினதா?"ன்னு கேட்டா அந்தக் காகிதம்தான் பேசும்.

6. திரும்பி வர்ற பணம்

மொத்த பட்ஜெட்டுக்கு வெளியே ஒரு தொகையைத் தொடாம வைங்க: அன்னைக்கே கிளம்பற டிக்கெட் விலை, கூட ஒரு ராத்திரி நல்ல ஹோட்டல் வாடகை. புக் பண்ணின அறை சரியில்லைன்னு தோணினா வெளியே வர்றதுக்கு இந்தப் பணம். இதுல பேரம் பேசாதீங்க. விமானம் பகல்ல இறங்கற மாதிரி பாருங்க. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கொழும்பு சுமார் 30 கிலோமீட்டர். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நள்ளிரவு விமானம் வேண்டாம். பயணக் காப்பீடு கட்டாயம். போலீசுக்கு 119, ஆம்புலன்ஸுக்கு 1990.

விசாவை இலங்கை அரசின் அதிகாரப்பூர்வ இடிஏ தளத்துல மட்டும் போடுங்க. அதே மாதிரி இருக்கிற போலித் தளங்கள் கூடுதல் கட்டணம் வாங்கும்.

இந்த வாரம் மூணு வேலை: ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ் மூணையும் பக்கத்துல வச்சுப் பேரை ஒப்பிடுங்க. வங்கியில உங்க மொபைல் எண் இருக்கான்னு பாருங்க. முதல் ஆர்டி தவணையைப் போடுங்க. இந்தப் பயணம் தள்ளிப்போனாலும், இந்த மூணும் வீண் போகாது. கணக்கு உங்க பேர்லதான் இருக்கும்.